பழைய ஹவானா சிகார்: பிடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாம்பல்தட்டு எழுதியது:

பழைய ஹவானா, அதாவது பெட்டியில் பல வருஷம் கிடந்த கியூபா சிகார் பற்றி யார் கேட்டாலும் "வயசாக வயசாக ருசி கூடும்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடுகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஏன் என்று சொல்கிறேன், நீங்களும் பிடித்துப் பார்த்ததை எழுதுங்கள்.

லண்டனில் நண்பர் ஒருவரிடம் பார்த்தகாஸ் சீரீ டி நம்பர் 4 இரண்டு பெட்டி இருந்தது. ஒன்று 2008, இன்னொன்று 2021. டி4 தெரியாதவர்களுக்கு: நீளம் 124 மில்லிமீட்டர், ரிங் கேஜ் 50. ரிங் கேஜ் என்றால் குறுக்களவுக் கணக்கு. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50. ரொபுஸ்டோ என்று சொல்கிற குட்டையான, தடித்த ரகம். பார்த்தகாஸ் 1845-இல் தொடங்கிய பெயர். ஹவானாவில் காப்பிடோலியோ என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

பெட்டி கையில் வந்ததும் நான் மூடியைத் திறக்கவில்லை, கவிழ்த்தேன். விஷயம் எல்லாம் அடியில்தான் இருக்கிறது. கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷில் பொறித்த முத்திரை. அதற்குப் பக்கத்தில் மையில் தொழிற்சாலைக் குறி, மாதம், ஆண்டு. 2000-க்குப் பிறகு வந்த பெட்டி என்றால் படிப்பது சுலபம். மாதத்தின் ஸ்பானிஷ் பெயரில் முதல் மூன்று எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். நண்பருடையதில் "எனெ 08", அதாவது 2008 ஜனவரி. அதற்கு முந்தைய பெட்டிகள் கொஞ்சம் வேடிக்கையானவை. 1985 முதல் 90களின் பிற்பகுதி வரை "நிவெலாகூசோ" (NIVELACUSO) என்ற பத்தெழுத்துச் சொல்லை வைத்துத் தேதியை மறைத்துப் போட்டார்கள். முதல் எழுத்து என் ஒன்று, ஐ இரண்டு, வி மூன்று என்று போய்க் கடைசி ஓ பூஜ்யம். "ஓ வி எஸ் ஏ" என்று இருந்தால் 03, 96: 1996 மார்ச். ஒன்றை மறக்க வேண்டாம், இது பெட்டியில் அடைத்த தேதிதான். உள்ளே இருக்கும் இலை அதற்கும் முந்தைய அறுவடை.

இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கவில்லை. புதுசின் காரம் நாக்கில் நின்றுவிட்டால் பழசு பாவம். முந்தின நாள் மாலை 2021, மறுநாள் 2008. இரண்டுக்கும் முன்னால் சாதாரணச் சாப்பாடு, கூடவே தண்ணீர் மட்டும். ரம், விஸ்கி எல்லாம் வைத்துக்கொண்டு எழுதுகிற விமர்சனத்தில் பாதி மார்க் கிளாஸுக்குப் போகிறது என்பது என் சந்தேகம்.

2021: மேல் இலையில் எண்ணெய்ப் பளபளப்பு. பற்றவைப்பதற்கு முன்பு இழுத்துப் பார்த்தாலே மிளகு. முதல் அங்குலம் மூக்கில் ஏறியது. நடுவில் ஈரமண் வாசமும் கடுங்காப்பிக் கசப்பும், கடைசி மூன்றில் ஒரு பங்கில் தலை லேசாகச் சுற்றுகிற அளவு வீரியம். நல்ல சிகார்தான், ஆனால் உடனே இன்னொன்று வேண்டும் என்று தோன்றவில்லை.

2008: இலையின் பளபளப்பு போய் மங்கலாக இருந்தது. விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பியது, உலரவில்லை. முதல் சில நிமிடம் ஒன்றுமே இல்லை. இவ்வளவுதானா என்று நினைக்கும்போது வறுத்த முந்திரி வாசம் வந்தது, அப்புறம் கோகோ, அப்புறம் உலர்திராட்சையின் இனிப்பு. மிளகு இருந்த இடத்தில் கடைசியில் சுக்கின் இதமான காரம். புகையைத் தெரியாமல் மூக்கு வழியாக விட்டபோதுகூடக் கண்ணில் நீர் வரவில்லை. விரல் சுடுகிற வரைக்கும் பிடித்தேன்.

ஆக, வயசு நல்லது என்றுதானே ஆகிறது என்பீர்கள். இந்த ரகத்துக்கு நல்லது. சிகார் இலையைக் குவியலாக அடுக்கிப் புளிக்கவைக்கும்போது அம்மோனியா வெளியேறுகிறது. சுருட்டும்போது இலையை ஈரமாக்குவதால் அது மறுபடி கொஞ்சம் கிளம்பும். புது சிகாரின் நெடிக்கு அதுதான் காரணம், பெட்டிக்குள் கிடக்கக் கிடக்கப் போய்விடும். நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் காலப்போக்கில் இறங்கும். ஆனால் வாசனை எண்ணெயும் கூடவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. வயசு முதலில் காரத்தை எடுக்கும், அப்புறம் கசப்பை, கடைசியில் ருசியையே எடுத்துவிடும். டி4 மாதிரி எடுக்கக் கொடுக்க நிறைய உள்ள சிகார் பத்துப் பதினைந்து வருஷம் தாங்குகிறது. எல்லாம் தாங்குமா?

*

தேம்ஸ்கரை எழுதியது:

தாங்காது அண்ணா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார், ஓய்வுபெற்ற கணக்காளர், வெள்ளைக்காரர். நான் யாழ்ப்பாணம் என்று தெரிந்ததும் சுருட்டைப் பற்றித்தான் முதலில் கதைத்தார். கொழும்பிலும் தெற்கிலும் எங்கள் ஆட்கள் வைத்திருந்த சுருட்டுக்கடைகளை இளவயதில் கண்டிருக்கிறாராம். அப்படியே பழகி, ஒரு நாள் கூப்பிட்டு ஒரு டேவிடாஃப் தந்தார். இப்ப கடையில் விற்கிற டேவிடாஃப் இல்லை, கியூபாவில் செய்தது. சுவிட்சர்லாந்தின் டேவிடாஃப் நிறுவனத்துக்கும் கியூபாவுக்கும் பிணக்கு வந்ததும், தரம் சரியில்லை என்று 1989-இல் ஒரு லட்சத்துக்கும் மேலான சிகாரை டேவிடாஃபே எரித்தது. பிறகு உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கிற கியூபா டேவிடாஃப் எல்லாம் இப்ப ஏலத்தில்தான், விலையைக் கேட்டால் நெஞ்சு வலிக்கும்.

எனக்குத் தந்தது நம்பர் 2. 152 மில்லிமீட்டர், 38 ரிங் கேஜ், மெல்லியது, நுனியில் இலையை முறுக்கிச் சின்னக் குடுமி விட்டிருக்கும். கியூபாவின் விலையுயர்ந்த கோஹிபா சிகாரைச் செய்த எல் லகித்தோ தொழிற்சாலையில் செய்தது, கோஹிபா கொரோனா எஸ்பெஷலும் இதே அளவுதான். பெட்டியில், இப்ப கியூபா சிகாரை விற்கும் ஹபானோஸ் பெயர் இல்லை, அதற்கு முந்தைய அரசுப் புகையிலை நிறுவனமான கூபாத்தபாக்கோவின் முத்திரை. ஹபானோஸ் நிறுவனம் 1994-இல்தான் வந்தது. "முழுக்கக் கையால்" என்ற வாசகமும் இல்லை. அது 1989-இல் சேர்ந்தது, ஆகவே பெட்டி அதற்கும் முந்தையது.

வெட்டும்போது கை நடுங்கியது, உண்மை. பற்றவைத்தேன். வடிவாக எரிந்தது, சாம்பல் நேராக நின்றது. ருசி? மூன்றாம் தரம் தண்ணீர் ஊற்றிய தேயிலை. பழைய தேவதாருப் பலகை மணம் கொஞ்சம், தேனின் சாயல் எங்கேயோ தூரத்தில், அவ்வளவுதான். பிறக்கும்போதே மென்மையான சிகார் அது. முப்பது வருஷத்துக்குமேல் வைத்தால் எதுதான் மிஞ்சும்?

பெரியவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். நானும் "அருமை ஐயா" என்றேன். அவருடைய வீட்டில் வேறு என்ன சொல்கிறது!

இன்னொன்று. ஏலக் குறிப்புகளில் சிகாரின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருப்பதை "ப்ளூம்" என்று பெருமையாகப் போடுவார்கள், இலையின் எண்ணெய் வெளியே வந்து பூத்ததாம். நான் கண்டதெல்லாம் பெரும்பாலும் பூஞ்சணம். பஞ்சுபோல எழும்பி நின்றால் யோசிக்கவே தேவையில்லை.

*

மலேக்கோன் எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன், வயசே ஆகாத சிகார். வேலைக்காக மெக்சிகோவில் இருந்தபோது கியூபா போய்வந்தேன். பெண் சிகார் பிடிக்கிறாள் என்று அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி.

ஹவானா ஒபிஸ்போ தெருவில் பத்தடி நடப்பதற்குள் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். அக்கா தொழிற்சாலையில் வேலை, இன்றைக்கு மட்டும் தொழிலாளர் கூட்டுறவில் பாதி விலை, "பத்து வருஷப் பழைய கோஹிபா" இருக்கிறது, வந்து பாருங்கள். எல்லா நாளும் "இன்றைக்கு மட்டும்"தான். மாடி வீடு ஒன்றில் காட்டினார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. சிரிப்பை அடக்கிக்கொண்டேன், கோஹிபா கண்ணாடி மூடியில் வந்ததே கிடையாது. சிகாரைச் சுற்றிய காகிதப் பட்டையில் வெள்ளைக் கட்டங்களின் வரிசை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அடிப்பக்கம் முத்திரை பளிச்சென்று, நேற்று அடித்ததுபோல. வயதான அம்மா ஒருவர் காப்பி கொடுத்தார், காப்பி பிரமாதம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையான அனுபவம் பினார் டெல் ரியோ பக்கம், விஞாலேஸில். அறுவடையில் பெரும்பங்கு, தொண்ணூறு சதவீதம் என்று சொன்னார்கள், அரசுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் விவசாயி தானே சுருட்டி, பட்டை எதுவும் இல்லாமல், வாழைமட்டையில் சுற்றித் தருகிறார். இலையின் நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவி எடுத்தார், சத்தமே இல்லை. நல்லா எரிவதற்குச் செடியின் அடி இலை வோலாதோ, வாசத்துக்கு நடு இலை செக்கோ, வீரியத்துக்கு உச்சி இலை லிகெரோ. லிகெரோ மெதுவாக எரியும், அதனால் அதை நடுவில் வைத்து மடித்தார். நுனியைத் தேனில் தொட்டுக் கையில் கொடுத்தார்.

அன்றே பிடித்தேன். அம்மோனியா நெடி வரும் என்று பயந்ததற்கு ஒன்றுமில்லை. புல்வாசம், இனிப்பு, ஈரம். ஒன்றைப் பத்திரப்படுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிடித்தபோது நெடி தாங்கவில்லை! சுருட்டிய சூட்டில் பிடி, இல்லையென்றால் ஒரு வருஷமாவது தொடாதே என்று அங்கே சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

*

துபாய்வாசி எழுதியது:

எல்லாரும் வருஷத்தை எண்ணுகிறீர்கள், அந்த வருஷங்களில் பெட்டி எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் ஊரில் கோடைக்கு ஏசியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போன ஒருவர் வீட்டில் பார்த்தேன். போலிவார் பெலிகோஸோஸ் ஃபினோஸ், அருமையான பெட்டி. திறந்தால் ஒவ்வொரு சிகாரிலும் ஊசி குத்தியதுபோல ஓட்டை. புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே வந்துவிடுகிறது, சூடு ஏறினால் பொரிந்துவிடும். கியூபாவில் ஏற்றுமதிக்கு முன் உறையவைக்கிற வழக்கம் 2000களின் நடுவில்தான் வந்தது, அதற்கு முந்தைய பெட்டிகளில் ஆபத்து அதிகம்.

என் கணக்கு: 18 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். பழைய 70 சதவீதக் கணக்கு நீண்ட நாள் வைப்பதற்கு அதிகம் என்பது என் கருத்து. எங்கே இருந்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் நான் பழசு வாங்க மாட்டேன்.

*

கத்துக்குட்டி எழுதியது:

ஒரு சந்தேகம் சார். 1998, 99, 2000 பெட்டிகள் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்களே, வாங்கலாமா? 2022-க்குப் பிறகு புது கோஹிபா விலை ஏறியதிலிருந்து நம் பட்ஜெட்டுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

*

சாம்பல்தட்டு எழுதியது:

தேம்ஸ்கரை, அந்த டேவிடாஃப் கதைக்கு நன்றி. ஏலக்காரர்கள் படித்தால் கோபித்துக்கொள்வார்கள்.

கத்துக்குட்டி, 2022-இல் கோஹிபா, டிரினிடாட் இரண்டு சிகார் பெயர்களின் விலையையும் உலகம் முழுக்க ஹாங்காங்கின் உயர்ந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள், அதன் வலிதான் இது. நீங்கள் சொல்கிற ஆண்டுகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 90களில் அமெரிக்காவில் சிகார் மோகம் ஏறி உலகமே வாங்கியது, கியூபாவும் அவசரமாக உற்பத்தியைக் கூட்டியது. புதுசாகப் பழகியவர்கள் சுருட்டியதில் நிறைய சிகார் இறுக்கமாகிவிட்டது, இழுத்தால் காற்று வராது. வயசு எந்தக் குறையையும் ஆற்றும், அடைப்பை ஆற்றாது. இழுப்பைச் சோதிக்கும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. முழுப் பெட்டி வேண்டாம். விற்பவர் ஒன்றை விற்றால் வாங்கி வெட்டி, பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள்.

புதுசாக வாங்கி நீங்களே பழசாக்குவதாக இருந்தால் பார்த்தகாஸ் லூசித்தானியாஸ், போலிவார், ரமோன் அல்லோனெஸ் ஸ்பெஷலி செலக்டட் மூன்றும் என் தேர்வு. ஹோயோ டி மோன்டெரே மாதிரி மென்மையானதைச் சில வருஷத்திலேயே முடித்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால் பெட்டியின் அடிப்பக்கத்தையும் பச்சை வாரன்டி முத்திரையையும் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.