மிட்ஜெட்டுக்கு மைனர் பேரிங் பொருந்துமா?

மாங்குளத்தான்:
"மொறிஸ் மைனர் எஞ்சினும் எம்ஜி மிட்ஜெட் எஞ்சினும் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு மைனர் சாமான் வாங்கிப் போடு" என்று கனகராயன் நேற்று ஒரு தம்பிக்கு எழுதியிருக்கிறார். தம்பியின் கார் 1965 மிட்ஜெட், 1098 சிசி எஞ்சின். இதை நம்பி அவன் கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளுக்குப் பஸ் ஏறினால் காசை யார் திருப்பிக் கொடுப்பது? மைனரின் மெயின் பேரிங், அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்குகிற பேரிங், 1.75 அங்குல விட்டம். 1964க்குப் பிறகு வந்த மிட்ஜெட் 1098இல் 2 அங்குலம். பொருந்தாது.

கனகராயன்:
பொருந்தும். இரண்டும் பிஎம்சி கொம்பனியின் ஏ சீரிஸ் எஞ்சின். போர் (சிலிண்டர் விட்டம்) 64.58 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 83.72, இரண்டிலும் அதேதான். புளியங்குளத்தில் ஒரு மிட்ஜெட்டுக்கு நானே மைனர் பேரிங் போட்டேன். இன்றைக்கும் ஓடுகிறது.

மாங்குளத்தான்:
போரை யார் கேட்டது? மெயின் பேரிங்கைச் சொல்லுங்கள். புளியங்குளத்துக் கார் எந்த வருசம்? எஞ்சின் நம்பர் 10சிஜி என்று தொடங்கினால் அது முந்தினது, 1.75 சரிவரும். 10சிசி என்றால் 2 அங்குலம். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் ரிவிட் அடித்த சின்னத் தகடு இருக்கும். பெற்றோல் துணியால் அழுக்கைத் துடைத்தால் எழுத்துத் தெரியும். பார்த்தீர்களா, இல்லையா?

கனகராயன்:
தகடு பார்த்து வேலை பழகினவன் இல்லை நான். கை பார்த்துப் பழகினவன்.

நெடுங்கேணியான்:
அண்ணைமார், 1.75ஓ 2ஓ, 1990களில் மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின் என்றால் பேரிங் மாற்றி மட்டும் பயனில்லை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். கிராங்கும் தேய்ந்திருக்கும்.

கனகராயன்:
மண்ணெண்ணெயைக் குறை சொல்ல வேண்டாம். பெற்றோல் தடையில் வன்னிக்குள் நோயாளியை ஏற்றி ஓடினது அந்த எஞ்சின்கள்தான். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு புதுச் சாமானோடு வந்தவர்களுக்கு அது விளங்காது.

மாங்குளத்தான்:
யாரைச் சொல்கிறீர்கள்? தடைக்காலம் முழுக்க நானும் இங்கேதான் இருந்தேன். மூன்று மெயின் பேரிங்கையும் கழற்றி, நடுவில் உள்ளதில் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிவதைப் பார்த்துத்தான் பேசுகிறேன். கிராங்கைக் கிரைண்ட் பண்ணினால் பேரிங் ஷெல் முதுகில் 010, 020 என்று அடித்திருப்பதைப் பார்த்து அதற்கேற்ற அண்டர்சைஸ், அதாவது உள்ளளவு குறைந்த பேரிங், வாங்குவோம். அது ஆயிரத்தில் பத்து, இருபது அங்குலக் கணக்கு. நீங்கள் சொல்வது கால் அங்குலம்! எந்த லேத்தில் கொடுத்துச் சரிப்பண்ணப் போகிறீர்கள்? போர் ஒன்றுதான், பிஸ்டன் என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மெயின் பேரிங் 2 அங்குலம்.

ஓமந்தை வாசி:
லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே புதுசாகவே செய்து விற்கிறார்கள். எடுப்பித்தால் முடிந்தது.

கனகராயன்:
எல்லாருக்கும் லண்டனில் மாமா இல்லை. மாங்குளத்தான் முதலில் போன வருசம் என்னிடம் வாங்கின எஸ்யு காபரேட்டர் ஊசி இரண்டையும் திருப்பித் தரட்டும். பிறகு அளவு படிப்பிக்கலாம்.

மாங்குளத்தான்:
ஊசிக்குக் காசு கொடுத்தாயிற்று. இரண்டில் ஒன்று வளைந்திருந்தது, அதையும் எழுதவா? பேச்சை மாற்ற வேண்டாம். 10சிஜியா, 10சிசியா?

நெடுங்கேணியான்:
அந்தத் தம்பி தகட்டைப் படம் எடுத்துப் போட்டால் தெரிந்துவிடும்தானே?

கனகராயன்:
பிளாக் மாற்றின காரில் தகட்டை நம்பி என்ன செய்வது? இங்கே எத்தனை கார் பிளாக் மாறி ஓடுகிறது.

மாங்குளத்தான்:
அப்படியென்றால் மெயின் ஜேர்னலில், கிராங்கில் பேரிங் பிடிக்கிற இடத்தில், மைக்ரோமீற்றரை வையுங்கள். 44 மில்லிமீற்றர் கிட்ட நின்றால் மைனர் பேரிங் வாங்கட்டும். 50 கிட்ட நின்றால் வாங்க வேண்டாம். வைத்துப் பார்க்காமல் "கண்ணை மூடிக்கொண்டு" என்று எப்படி எழுதினீர்கள்?

கனகராயன்:
என் கராச்சில் மைக்ரோமீற்றர் இல்லை என்கிறீர்களா? நீங்கள் கொப்பி தூக்கின காலத்திலேயே வைத்திருந்தேன். பொருந்தும் என்றால் பொருந்தும்.

மாங்குளத்தான்:
2 அங்குலம்.