ஓவனில் எஃப் 3 கோளாறு: சென்சாரா, போர்டா?

வணக்கம். அம்மா கேக் செய்து விற்பதே எங்கள் மின்சார ஓவனை நம்பித்தான். இப்போது அது 150 டிகிரியைத் தாண்டியதும் எஃப் 3 என்று காட்டி நின்றுவிடுகிறது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஓடும், அப்புறம் சூடேறியதும் அதே கதை. கையேட்டில் எஃப் 3 என்றால் வெப்பநிலை சென்சார் கோளாறு என்று இருக்கிறது.

மின்சாரத்தைத் துண்டித்து, ஓவன் நன்றாக ஆறிய பிறகு சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தேன். சுமார் 1,115 ஓம். பிடி1000 வகை சென்சாருக்கு (சூடு கூடக் கூட மின்தடை கூடும் வகை) 30 டிகிரியில் இது சரியான அளவுதான். அப்படியென்றால் சூட்டில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும் கனெக்டரா, ஒயரா, இல்லை ஓவனைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டிலேயே கோளாறா? சர்வீஸ்காரர் திறந்துகூடப் பார்க்காமல் போர்டை மாற்றச் சொல்கிறார், அது நியாயமாகப் படவில்லை. சென்சாரைக் கழற்றிச் சூடுபடுத்திப் பாதுகாப்பாகச் சோதிப்பது எப்படி? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.