ஃபின்னிஷ் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. பூட்ஸின் அடி பிய்ந்துபோய், ஃபின்லாந்தின் தாம்பெரே நகரில் செருப்பு தைக்கும் கடைக்குப் போனேன். பலகையில் 'சூட்டரி' என்றிருந்தது. அகராதியைப் புரட்டினால், தைப்பவர் என்று பொருள்படும் லத்தீன் 'சூட்டோர்' பழைய ஸ்வீடிஷ் வழியாக இங்கே வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஸ்வீடிஷ்காரர்கள் அந்தத் தொழிலுக்கு 'ஸ்கூமாக்கரே' என்று மாறிவிட்டார்கள். அவர்களுடைய 'சூட்டரே' இப்போது ஒரு நன்னீர் மீனின் பெயர். ஃபின்னிஷிலும் அந்த மீன் சூட்டரிதான்! "சூட்டரியின் பிள்ளைகளுக்குச் செருப்பில்லை" என்று பழமொழி வேறு.

என் சந்தேகம் இதுதான். புத்தாண்டு இரவில் நான் விட்ட ராக்கெட் வெடிக்காமல் பனியில் குத்தி நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் "சூட்டரி!" என்று கத்திச் சிரித்தான். நமத்துப்போன பட்டாசுக்கும் செருப்பு தைப்பவருக்கும் என்னங்க சம்பந்தம்? ஊகமானாலும் சொல்லுங்கள், ஊகம் என்று குறிப்பிட்டால் போதும்.