கார் ஏசிக்கு வீட்லயே கேஸ் ஏத்தலாமுங்களா?

காங்கேயத்தான்:
என்ற வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக்குங்க. தினமும் திருப்பூர் போய்வரேன். காலைல சில்லுனு காத்து வருது, மத்தியானம் திரும்பறப்ப படியூர் தாண்டறதுக்குள்ள சட்டை நனைஞ்சு போகுது. ஒர்க்‌ஷாப்புல கேஸ் கம்மின்னு 2,800 ரூபா கேட்டாங்க. ஆன்லைன்ல ஆர்134ஏங்கற ஏசி கேஸ் டப்பா, ஹோஸ், அழுத்தம் பாக்கற மீட்டரோட 1,500க்குள்ள வருது. நானே ஏத்திக்கலாமுங்களா?

ஈரோடு_மஞ்சள்:
தாராளமா ஏத்தலாமுங்க. பத்து வருச வண்டில ரப்பர் ஹோஸ் வழியா, கேஸை அமுக்கற கம்ப்ரஸரோட சீல் வழியா கொஞ்சங் கொஞ்சமா கேஸ் கசியறது சகஜம். லோ சைடுல, அதாவது அழுத்தம் கம்மியா இருக்கற பைப்புல மாட்டி, இன்ஜினை ஓட விட்டு, டப்பாவை நிமித்தி வெச்சு மெதுவா திறங்க. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளிய வந்தா −26 டிகிரில கொதிக்கிற சாமான், தோல்ல பட்டா பொசுக்கிப் போடும். நான் ரெண்டு வண்டிக்கு ஏத்தியிருக்கேன், ரெண்டும் நல்லாத்தான் ஓடுது.

திருப்பூர்_ஏசிக்காரர்:
வேண்டாம் தம்பி. 22 வருசமா இதே தொழில் பண்றேன். போன சித்திரைல ஒருத்தர் வண்டியை டோ பண்ணிக் கொண்டாந்தாரு. ஏசி குளுமை பத்தலைன்னு ரெண்டு டப்பாவையும் முழுசா ஏத்தியிருக்காரு. ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள்ள போயிருச்சு. காத்தை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியுமா? உள்ள வால்வு தகடு உடைஞ்சு, தூள் லைன் பூரா பரவி, கம்ப்ரஸரோட, முன்னாடி கேஸோட சூட்டை வெளிய விடற கண்டென்சரும் மாத்த வேண்டியதாப் போச்சு. பானட்டுக்கு அடில ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, எத்தனை கிராம் ஏத்தணும்னு போட்டிருக்கும். சின்ன வண்டிக்கு அரைக் கிலோவுக்குக் கீழதான் பிடிக்கும்.

ஈரோடு_மஞ்சள்:
கிராம் கணக்கு நானும் பாக்கறேனுங்க. டப்பாவைத் தராசுல வெச்சுத்தான் ஏத்தறேன். நீங்க ஒழுங்காப் பண்றீங்க, சரி. ஆனா எங்கூர்ல பாதிக் கடைல என்ன நடக்குது? வேக்கம் போட்டு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சறதில்ல, எடை போடறதில்ல, மீட்டரைப் பாத்துட்டுத் திறந்து விட்டு பத்தே நிமிசத்துல காசு வாங்கறாங்க. அதையேதான நானும் வீட்ல பண்றேன்?

திருப்பூர்_ஏசிக்காரர்:
அவங்க பண்றதும் தப்புத்தான், மறுக்கலை. ஆனா உங்க தராசு ஏத்துனதைச் சொல்லும், உள்ள மிச்சம் இருக்கறதைச் சொல்லுமா? 450 கிராம் பிடிக்கற வண்டில 200 இருக்கோ 350 இருக்கோ, யாருக்குத் தெரியும்? மீட்டரும் காப்பாத்தாது. இன்ஜின் நிக்கறப்ப, 35 டிகிரி வெயில்ல, உள்ள கொஞ்சம் திரவம் இருந்தாலே போதும், முள்ளு ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ (அழுத்தக் கணக்கு) காட்டும். 100 கிராம் இருந்தாலும் 400 இருந்தாலும் அதே 114தான். அதனாலதான் மிச்சக் கேஸை மெஷின்ல எடுத்து, அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, முழு அளவை எடை போட்டு ஏத்தணுங்கறது. வேக்கம் போடலைன்னா உள்ள ஈரம் தங்கி, ஆயிலோட சேந்து அமிலமாகி உள்பக்கத்தையே அரிக்கும்.

பல்லடத்து_அம்மிணி:
அண்ணா, நடுவுல வரேன். காலைல குளுமை, மத்தியானம் இல்லைங்கறீங்க. வேகமாப் போறப்ப பரவால்லையா இருந்து சிக்னல்ல நின்னா வெதுவெதுன்னு ஆகுதுங்களா? அப்படின்னா முதல்ல கண்டென்சரைப் பாருங்க. எங்க வீட்டுக்குப் பக்கம் ஸ்பின்னிங் மில்லு. போன வருசம் எங்க வண்டி கண்டென்சர் முன்னாடி பஞ்சு ஒட்டி, அது மேல மண்ணு படிஞ்சு கம்பளியாட்ட ஆயிருந்துச்சு. கேஸ் கம்மின்னு ஒரு கடைல சொல்லி, காசு குடுத்து ஏத்தியும் குளுமை வரலை. அப்புறம் இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, மெல்லமா தண்ணி அடிச்சுக் கழுவுனோம். பிரஷர் வாஷர் வேண்டாங்ணா, தகடு மடங்கிக்கும். வண்டிக்குள்ள வர்ற காத்தை வடிகட்டற கேபின் ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க.

ஈரோடு_மஞ்சள்:
நெம்ப நல்ல கேள்வி அம்மிணி, நான் கேக்க மறந்துட்டேன். ஃபேன் சுத்துதா, கம்ப்ரஸரை இன்ஜினோட சேக்கற கிளட்ச் டக்குனு விழுதான்னும் பாக்கணும். இதெல்லாம் வீட்லயே பாக்கற வேலை, இதுக்கு எந்தக் கடையும் வேண்டாம்.

திருப்பூர்_ஏசிக்காரர்:
இதுல எனக்கு மறுப்பே இல்ல. இன்னொன்னும் பாருங்க தம்பி, பைப் ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு. கேஸ் கசியற இடத்துல ஆயிலும் சேந்து வரும். ஓட்டையை விட்டுட்டு ஏத்துனா ஏத்துனது அத்தனையும் வானத்துக்குத்தான். ஒரு கிலோ ஆர்134ஏ, 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். லீக் அடைக்கற மருந்து கலந்த டப்பாவும் விக்கறாங்க, அதைத் தொடவே தொடாதீங்க. எங்க மெஷின்லயே போய் அடைச்சுக்கும்.

காங்கேயத்தான்:
ஞாயித்துக்கிழமை பாத்தனுங்க. அம்மிணி சொன்னது அப்படியே, கண்டென்சர்ல ஒரு கைப்பிடி பஞ்சு. கழுவுனதும் சிக்னல்ல வெதுவெதுப்பு இல்ல. ஆனா முழுசாக் குளுமை வரலை. கம்ப்ரஸர் பக்கத்து ஜாயின்ட்ல பிசுக்கு இருக்குது, சோப்புத் தண்ணி தடவுனா மெல்ல நுரைக்குது. டப்பா வாங்கலை.

ஈரோடு_மஞ்சள்:
அது ஜாயின்ட்ல இருக்கற ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையந்தானுங்க, சின்ன வேலை. அதை மட்டுமாவது வீட்ல மாத்திக்கலாம்.

திருப்பூர்_ஏசிக்காரர்:
உள்ள கேஸ் இருக்கறப்ப அந்த ஜாயின்ட்ல ஸ்பேனர் வெக்காதீங்க. முதல்ல மெஷின்ல கேஸை எடுக்கணும், அப்புறந்தான் கழட்டணும். நீங்க போற கடைல வேக்கமும் எடையும் போடுவீங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க. போட மாட்டேன்னா வண்டியைத் திருப்பிக்குங்க.