வலிப்பு வரும் பையனுக்குத் துணையாக வீட்டு நாயைப் பழக்க முடியுமா?

கானாடுகாத்தான் மருமகள்:
என் மகனுக்கு ஒன்பது வயது. சின்னதிலிருந்தே வலிப்பு. மாத்திரை விடாமல் கொடுத்தும் எப்போதாவது வந்துவிடுகிறது, அதனால் ஊருணிப் பக்கம் விடுவதில்லை, மற்ற பிள்ளைகளும் பயந்துகொண்டு விளையாடக் கூப்பிடுவதில்லை. இருக்கிற ஒரே கூட்டாளி எங்கள் லாப்ரடார் மணிதான். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் முதலில் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வருவான். போன மாதம் வீட்டின் பின்பகுதியில், இரண்டாம் கட்டில் தனியாக இருந்தபோது வலிப்பு வந்துவிட்டது, மணி பக்கத்தில் நின்று குரைத்தும் முகப்பில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் செட்டிநாட்டு வீடுகள்தான் தெரியுமே, ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. வெளிநாட்டில் இதற்கென்றே நாய் பழக்குகிறார்களாம். மணியைப் பழக்க முடியுமா? நாய் வளவுக்குள் (வீட்டு நடு முற்றத்துப் பக்கம்) வரக்கூடாது என்பது மாமியார் கட்டளை.

தேவகோட்டை ராமு:
தங்கச்சி, வலிப்பு வருவதற்கு முன்பே சொல்கிற நாய் வேண்டும் என்றால் அதை யாரும் உறுதியாகப் பழக்கித் தர முடியாது. சில நாய்களுக்கு அது தானாக அமையும், அவ்வளவுதான். பணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தருகிறவர்களை நம்பாதீர்கள். வந்த பிறகு ஆளைக் கூப்பிடப் பழக்கலாம், உங்கள் வீட்டுக்கு அதுதான் தேவை. வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, பொத்தானைத் தரையோரம் ஒட்டுங்கள். காலால் அமுக்கினால் உடனே வேகவைத்த கோழித்துண்டு. அது கைவந்ததும் நீங்கள் கீழே விழுந்து கைகால் உதறி நடியுங்கள், அமுக்கினால் மறுபடி கோழி. தினமும் கொஞ்ச நேரம், மாதக்கணக்கில். ஒன்று கவனியுங்கள், உதறலைப் பார்த்துப் பயந்து கடிக்க வருகிற நாய்களும் உண்டு. காவல் குணம் அதிகமுள்ள ராஜபாளையம் மாதிரி நாய் என்றால் 108 ஆட்களையே கிட்டே விடாது. உங்களுடையது லாப்ரடார், பிழைத்தீர்கள்.

செவிலியர் அக்கா, காரைக்குடி:
நாய் இருக்கட்டும், வீட்டிலிருக்கிற மனுஷர்களை முதலில் பழக்குங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டு, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுக்கிற வேலையே வேண்டாம், இரும்பால் வலிப்பு நிற்காது, தானாக நிற்கிற நேரத்தில் சாவிக்குப் பேர் கிடைக்கிறது. மணி பாருங்கள் (நாயை இல்லை, கடிகாரத்தை!), ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடசோலம் மருந்து ஸ்பிரே வீட்டில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாயை நம்பி ராத்திரி அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள், நாயும் தூங்கும்.

பள்ளத்தூர் செல்வி:
மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் பையன் படுக்கையையே முகப்பை ஒட்டிய அறைக்கு மாற்றிவிடுங்களேன். நாய் வளவைத் தொடவும் வேண்டாம், ஆட்களும் பக்கத்தில். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருக்கும், ஓடும்போது லாப்ரடாருக்குக் கால் வழுக்கும், அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். தென்னைநார்ப் பாய் விரியுங்கள். ரேபிஸ் ஊசி வருஷம் தவறாமல் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கானாடுகாத்தான் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. அறை மாற்றுவதற்கு மாமியார் சரி சொல்லிவிட்டார், பேரன் விஷயம் என்றதும் மறுபேச்சே இல்லை. பெல் இன்னும் வாங்கவில்லை. கீழே விழுந்து நடிக்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகப் பையன் குதிக்கிறான். விடலாமா ராமு அண்ணே?

தேவகோட்டை ராமு:
இப்போது வேண்டாம். அவன் விளையாட்டுக்கு விழுவதும் நிஜமாக விழுவதும் நாய்க்குக் குழம்பிவிடும். கோழித்துண்டு கொடுக்கிற வேலையை அவனிடம் விடுங்கள்.