நாகலூர் எஸ்டேட் கதை: வந்தவன் வேறு ஆளா, அவளுக்கு மூளைக் காயமா?

கன்னங்குறிச்சி:
நாம் கூட்டாக எழுதிவரும் தொடர்கதைக்கு முடிவு தேவைப்படுகிறது. இதுவரை போன கதை இது. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் தம்பதி. டிசம்பர், பழம் பறிக்கிற சமயம். கணவன் தனியாகச் சேலத்துக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் கார் தடுப்புச் சுவரில் மோதுகிறது. தாடை எலும்பு முறிவு, முகத்தில் தையல், மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியவனைப் பார்த்து மனைவி "இவர் அவர் இல்லை" என்கிறாள். மேஸ்திரி முதல் மாமியார் வரை மற்ற எல்லாரும் அவன்தான் என்கிறார்கள். அதே நேரத்தில் தோட்டத்தை விற்கும் பேச்சும் கிளம்புகிறது. அவன் நிஜமாகவே வேறு ஆளா, அல்லது நெருங்கியவரையே வேஷக்காரர் என்று நம்பவைக்கும் காப்கிரா நோய் அவளுக்கா? எந்த முடிவு நிற்கும், காரணத்தோடு சொல்லுங்கள்.

மலைப்பாதை:
என் ஓட்டு நோய்க்குத்தான். ஆனா இப்ப இருக்கிற அமைப்புல அது நிக்காது. காயம் முழுக்கக் கணவனுக்கு, மனைவி அந்தக் காரிலேயே இல்லை. காப்கிரா, பார்க்கப்படுறவருக்கு அடிபட்டா வர்றதில்லைங்க. பார்க்கிறவரோட மூளையில கோளாறு இருக்கணும். நாள்பட்ட மனநோய், பக்கவாதம், தலைக்காயம், லூயி பாடி வகை மறதிநோய், இப்படி ஏதோ ஒண்ணு. 1923-ல பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராவும் ரெபூல்-லஷோவும் எழுதின முதல் நோயாளியும் நாள்பட்ட மனநோய் இருந்த பெண்தான். கணவனும் பிள்ளைகளும் மாற்றப்பட்டுட்டாங்கன்னு நம்பினவங்க. நல்லா இருக்கிற ஒருத்திக்கு, கணவன் முகத்துல தையல் இருக்குங்கிற காரணத்துக்காக இது வராது.

உள்ளே நடக்கிறது இதுதான். தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா மூளை "இது இன்னார்"னு சொல்லுது. கூடவே உடம்பும் பதில் சொல்லுது: உள்ளங்கையில நமக்கே தெரியாம வியர்வை கொஞ்சம் கூடும், அதைத் தோலோட மின்கடத்தலா அளக்கலாம். முதல் வேலை நடந்து ரெண்டாவது நடக்கலைன்னா, ஆள் அச்சு அசலா அவரேதான், ஆனா அவர் இல்லைன்னு தோணும். எல்லிஸ், யங்னு ரெண்டு உளவியலாளர்கள் 1990-ல இந்த விளக்கத்தைச் சொன்னாங்க. 1997-ல எல்லிஸ் குழு அளந்து பார்த்தப்ப, இந்த நோயாளிகளுக்குத் தெரிஞ்ச முகத்துக்கும் தெரியாத முகத்துக்கும் தோல் ஒரே மாதிரிதான் பதில் சொல்லிச்சு. இது மட்டும் போதாது. அந்த உடல் பதில் போயும், இப்படி நம்பாம இருக்கிறவங்க உண்டு. "இது நம்பக்கூடியதா"ன்னு சரிபார்க்கிற வேலையும் சேர்ந்து கெடணும். வலது முன்மூளைக் காயத்தை இதுக்குக் காரணமா சொல்றாங்க.

அதனால மனைவியையும் காருக்குள்ள ஏத்துங்க.

ஒண்டிக்கடை:
ஏத்துறதா இருந்தா இடது சீட்டுல. அடிவாரத்துக்கு இறங்குற பாதையில 20 கொண்டை ஊசி. ரெண்டாவது கியர்ல இஞ்சின் பிடிச்சு இறங்காம பிரேக் மேலேயே கால் வச்சிட்டு வந்தா, பாதி மலையிலேயே சூடேறித் தீஞ்ச வாடை வரும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. கதையில "திடீரென்று பிரேக் அறுந்தது"ன்னு இருக்கே, அதைத் தூக்கிடுங்க. அவன் நியூட்ரல்ல இறக்கினான், வாடை வந்தது, அவள் "என்ன இது நாத்தம்"னு கேட்டாள். இது போதும். வண்டி இடப்பக்கமா சுவர்ல தேய்ச்சு நிக்கட்டும்.

மலைப்பாதை:
ரொம்பச் சரியா வருது. அவளோட இடது நெற்றிப்பொட்டு கதவுத் தூண்ல மோதும். மண்டை நின்ன பிறகும் மூளை உள்ளே ஆடி எதிர்ப்பக்கம் இடிச்சுக்கும். வெளியே வீக்கம் இடப்பக்கம், உள்ளே கன்றிப்போறது வலப்பக்கம். நினைவு தப்பல, வாந்தி இல்ல, நடந்து வந்தாங்க, அதனால ஐஸ் வச்சு அனுப்பிட்டாங்க. சின்னக் கன்றலா இருந்தா முதல் நாள் சி.டி. ஸ்கேன்ல தெரியாமலும் போகலாம். வாசகர் முழுக்கக் கணவனோட கட்டுப் போட்ட முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க. அவளோட வீக்கத்தை ஒரே வரியில, குங்குமம் வைக்கும்போது விரல் பட்டு வலிச்சதுன்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

குகை வாசகன்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வகைக் கதையில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிகின்றன: கடைசியில் ஒரு டாக்டர் வருவார், நோய்க்குப் பெயர் சொல்வார், அத்தனை சந்தேகமும் அவள் தலைமேல் விழும். இத்தனை அத்தியாயம் அவளோடு நடந்த வாசகரை நடுத்தெருவில் விடுவதற்குச் சமம் அது. தவிர, நோயாளியைப் பயங்கரமானவராகக் காட்டும் பழக்கமும் வளர்கிறது.

நிஜ வழக்குகளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது பாருங்கள். வங்காளத்தின் பாவல் ஜமீனைச் சேர்ந்த பாவல் சந்நியாசி வழக்கு. ஜமீன் இளவரசர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகத் தகனம் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து டாக்காவில் ஒரு சந்நியாசி. அக்காவும் குடியானவர்களும் அவர்தான் என்றார்கள். மனைவி பிபாவதி கடைசிவரை "இவன் வேறு ஆள்" என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், உடம்பில் இருந்த தழும்பு மச்சம் வரை ஒப்பீடு. 1936-இல் டாக்கா நீதிமன்றம், பிறகு கல்கத்தா உயர் நீதிமன்றம், 1946-இல் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், மூன்றும் சந்நியாசிக்குச் சாதகம். பிரான்சில் மார்ட்டின் கேர் வழக்கு நேர் எதிர்: மனைவி வேற்றாளை ஏற்றுக் குடும்பம் நடத்தினாள், 1560-இல் உண்மையான கணவனே திரும்பி வந்துதான் குட்டு உடைந்தது. இரண்டிலும் சொத்து இருக்கிறது. யார் எதை ஒப்புக்கொண்டால் யாருக்கு லாபம் என்பதிலிருந்துதான் திகில் பிறக்கிறது. மூளை ஸ்கேனிலிருந்து அல்ல.

செவ்வாய்ப்பேட்டை:
குகை அண்ணன் சொல்லும் வழக்குகள் எல்லாம் ஆதாருக்கு முந்தியவை. இன்றைக்குப் பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் மூன்றும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு, அது உங்கள் பக்கம்தான் உதவும். யாராவது கேட்டால் ஒழிய ரேகையைச் சரிபார்ப்பதில்லை. கணவனின் போனும் அதன் பூட்டுக் குறியீடும் கையில் இருந்தால், ஓ.டி.பி.யை வைத்தே பல மாதம் ஓட்டிவிடலாம்.

அவன் மாட்டும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். பதிவுச் சட்டம் 32ஏ பிரிவுப்படி சொத்தை விற்பவர், வாங்குபவர் இருவரின் புகைப்படமும் விரல்ரேகையும் ஆவணத்தில் ஏற வேண்டும். தோட்டம் வாங்கியபோது கணவன் வைத்த ரேகை பழைய பத்திரத்திலேயே இருக்கும். அந்தப் பத்திரம் அவள் பீரோவில்தான் இருக்கிறது. எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கட்டும்: மை அதிகமாகி நடுவில் கறுப்புத் திட்டு, ஓரத்தில் மட்டும் நாலைந்து வரி தெளிவு. அந்த ஓரமே நிபுணருக்குப் போதுமா என்பதில் ஓர் அத்தியாயம் நிற்கும்.

கதையின் ஏழாம் பகுதியில் உள்ள ரத்த வகைச் சோதனையையும் திருத்துங்கள். வகை மாறினால் வேறு ஆள், சரி. ஒத்துப்போனால் எதையும் நிரூபிக்காது. மாமியார் உயிரோடு இருப்பதால் டி.என்.ஏ.வுக்கு அவர் கன்னத்தின் உட்புறத்திலும் இவன் கன்னத்தின் உட்புறத்திலும் சுரண்டி எடுத்த மாதிரிகள் போதும். அவர் சம்மதிக்க மாட்டார், ஏனென்றால் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாடை முறிவுக்கு எடுத்த பல் எக்ஸ்ரே இன்னும் எளிது. பழைய வேர் சிகிச்சை எந்தப் பல்லில் என்று ஒப்பிட்டால் முடிந்தது.

இன்னொன்று, இரட்டைச் சகோதரன் வேண்டாம். நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-லேயே உத்தமபுத்திரனில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்துவிட்டது. முதல் அத்தியாயத்திலேயே வாசகர் அங்கேதான் போவார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரை வழக்கமான டி.என்.ஏ. சோதனை பிரிக்காது, விரல்ரேகை பிரித்துவிடும் என்ற ஒரு வரியில் அந்தக் கதவைச் சாத்திவிடலாம்.

குகை வாசகன்:
அப்படியானால் கதை என் வழியிலும் நடக்கும். பத்திரப்பதிவு நாள் நெருங்க நெருங்க அவனுக்கு நெருக்கடி. தான் கணவன் இல்லை என்று தெரிந்தே அவளோடு வாழ்ந்தால் அவன் செய்யும் குற்றமும் சின்னதல்ல. ஆள்மாறாட்ட மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 319-இல் ஐந்து ஆண்டு வரை. கணவன் என்று நம்பவைத்து உறவு கொண்டால் 63-ஆம் பிரிவின்படி பாலியல் வன்கொடுமை. வாசகருக்கு இது தெரிந்தால் ஒவ்வொரு இரவும் திகில்தான்.

மலைப்பாதை:
அந்தத் திகில் என் வழியிலும் குறையாதுங்க. அதுக்குச் சாவி போன்ல இருக்கு. மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் ஹர்ஸ்டீனும் 1997-ல எழுதின நோயாளி ஒருத்தர், சாலை விபத்துக்குப் பிறகு பெத்தவங்களை வேஷக்காரங்கன்னு சொன்னவர். போன்ல பேசினா சந்தேகமே வராது. குரல் போற பாதை வேற, அது கெடல. எல்லா நோயாளிக்கும் இப்படித்தான்னு இல்லை, பார்வை இல்லாதவங்களுக்குக் குரலை வச்சே இது வந்த பதிவும் உண்டு. ஆனா கதைக்கு இது தங்கம்.

கணவன் வேலையா சேலம் போறான், அங்கிருந்து போன் பண்றான். அவள் உருகிப்போய்ப் பேசுறாள், ஏன்னா இதுதான் அவளோட நிஜக் கணவன். சாயங்காலம் வீட்டுக்கு வர்றவன் வேஷக்காரன். அப்ப நிஜக் கணவனைச் சேலத்துல எங்கேயோ அடைச்சு வச்சிருக்காங்கன்னு அவள் முடிவு பண்றாள். பொய்யே சொல்லாம வாசகரையும் அதையே நம்ப வைக்கலாம். குகை அண்ணா, உங்களுக்கு வேண்டிய கடத்தல் கதை முழுசா இதுக்குள்ள இருக்கு. தேடி அவள் சேலத்துல தெருத்தெருவா அலையட்டும்.

ஒண்டிக்கடை:
மலையில எல்லா இடத்துலயும் சிக்னல் ஒரே மாதிரி கிடைக்காதுங்க. வீட்டுக்குள்ள கட் ஆகுது, காபிக் களத்து மூலையில மட்டும் கிடைக்குதுன்னு வச்சா, போன் வந்ததுக்குச் சாட்சியே இருக்காது. களத்துல காயப்போட்ட பழத்தைக் கிளறுற பொம்பளைங்க தூரத்துல, அவள் மட்டும் மூலையில நின்னு சிரிக்கிறாள். மேஸ்திரி பார்த்துட்டு மாமியார்கிட்ட வேற மாதிரி சொல்வார்.

குகை வாசகன்:
போன் விஷயம் பலமானது. மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் கல்யாண ஆல்பத்தைக் காட்டி அவளைத் தெளிய வைக்கும் கடைசிக் காட்சி இருக்கும்வரை நான் ஒப்ப மாட்டேன்.

மலைப்பாதை:
அந்தக் காட்சி தப்பு, எடுத்தே ஆகணும். இந்த நம்பிக்கை ஆதாரத்தால உடையாது. ஆல்பம் காட்டினா "எங்க ஆல்பத்தைத் திருடிட்டான்"னு சொல்வாள். ரேகை ஒத்துப்போனா "ஆபீஸ்ல ஆளைப் பிடிச்சிட்டாங்க"ன்னு சொல்வாள். வாதாட வாதாட எதிரில நிக்கிறவர் மேல கோபம் ஏறும், சிலர் தாக்கவும் செய்வாங்க. வீட்டுல பழகிக்கச் சொல்றது இது: மறுத்துப் பேசாதீங்க, கத்தி கவாத்துக் கத்திரியைக் கண்ணுல படாம வையுங்க, முகத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி குரல் கொடுங்க. மருந்து மனநோய்க்கானது, கூடவே மூளைக் காயத்துக்கான பரிசோதனை. தேறினாலும் படிப்படியாத்தான். ஒரே காட்சியில தெளியறது கிடையாது.

குகை வாசகன்:
சரி, அவள் எப்போதும் தெளியாமலே முடியட்டும். ஆனால் வேற்றாள் என்பதற்கு வலுவான தடயம் ஒன்றாவது நேர்மையாக இருக்க வேண்டும். மார்ட்டின் கேர் வழக்கில் செருப்புத் தைப்பவர் கால் அளவு வேறு என்று சாட்சி சொன்னார். அதையே இங்கே கொண்டுவாருங்கள். வாசலில் கிடக்கும் கணவனின் பழைய தோல் செருப்பு. அதில் பெருவிரல் அழுந்திய குழி வழவழவென்று கறுத்திருக்கும், பக்கத்தில் இரண்டாம் விரலின் குழி. வந்தவன் அதைப் போட்டால் பெருவிரல் குழியைத் தாண்டி நிற்கிறது. இதை அவள் பார்க்கிறாள், வாசகரும் பார்க்கிறார்.

மலைப்பாதை:
மூணு வாரம் படுத்துக் கிடந்தவனுக்குக் கால் வீங்கியிருக்கும்னு சொல்லி அதை விளக்கிடலாம்.

குகை வாசகன்:
வீக்கம் வடிந்த பிறகும் தாண்டி நிற்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை:
அப்படி வைத்தால் ரேகை முடிவும் செருப்பும் மோதும். நீங்கள் இருவரும் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பத்திர ரேகை ஒத்துப்போகிறதா, அல்லது "ஒப்பிடப் போதிய தெளிவு இல்லை" என்று வருகிறதா. நிபுணர் அறிக்கையில் இரண்டாவதும் வரக்கூடிய முடிவுதான்.

கன்னங்குறிச்சி:
போதிய தெளிவு இல்லை என்பதையே வைக்கிறேன். மனைவி இடது சீட்டில், தீய்ந்த வாடை, களத்து மூலை போன் மூன்றும் உறுதி. ஆல்பக் காட்சி நீக்கம். செருப்பை விடுவதா வைப்பதா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றவர்கள் சொல்லுங்கள். பதினோராம் பகுதி திங்கள் இரவு வரும்.