தம்பியின் காலை ஏன் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள்?

பெகு அக்கா:
வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமம். 10 நாள் முன்னால் மழையில் தம்பி மோட்டார் சைக்கிளோடு வயலில் சறுக்கி விழுந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. புண்ணெல்லாம் சேறு. கட்டுப் போடுகிற பெரியவரிடம்தான் முதலில் தூக்கிப் போனோம். எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி "அக்கா, அவிழ்த்துவிடு, தாங்க முடியல" என்று கத்தினான். அவிழ்த்தால் புண் என்னவோ ஒரு விரல் அளவுதான். ஆனால் கெண்டைக்கால் முழுக்க வீங்கி, கருநீலக் கொப்புளம். விரல் வைத்தால் தோலுக்கடியில் நறநறவென்றது. விடியுமுன் ரங்கூன் வந்துவிட்டோம். இதுவரை மூன்று ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும் சதையை வெட்டி எடுத்துவிட்டுத் தைக்காமல் விடுகிறார்கள். வெளியிலிருந்து கம்பி மாட்டியிருக்கிறது. ஏன் மூடமாட்டேன் என்கிறார்கள்? கால் தங்குமா?

மோல்மீன் நர்ஸ்:
அக்கா, அவர்கள் செய்வது சரிதான். கிருமி சதைக்கு மேலுள்ள சவ்வு வழியாக ஓடும். மேலே தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே அழுகியிருக்கும். காயத்துக்குப் பொருந்தாத அந்த வலிதான் முதல் அடையாளம். நறநறப்பு உள்ளே சேர்ந்த வாயு. செத்த சதைக்கு ரத்தம் போகாது, ஊசி மருந்தும் போய்ச் சேராது. அதனால் 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை திறந்து, வெட்டினால் ரத்தம் கசிகிற சதை தெரியும்வரை எடுப்பார்கள். மூடிவிட்டால், காற்றுப் படாத இடத்தில் வளருகிற கிருமிக்கு வசதியாகிவிடும். சுத்தமானதும் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். கால் தங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உயிருக்காகக் காலை எடுக்கணும் என்று டாக்டர் சொன்னால் மட்டும் தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள். சர்க்கரை பார்த்தார்களா? டெட்டனஸ் ஊசி?

தட்டோன் அண்ணன்:
எனக்கும் இதேதான், தங்கச்சி. சிவப்பு எதுவரை என்று நர்ஸ் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதினார். ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. ஐந்து தடவை திறந்தார்கள். தோல் ஒட்டியபோது காலைவிட, தோல் எடுத்த தொடைதான் எரிந்தது. அதையும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடுவான். இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன், கடை நடத்துகிறேன்.

பெகு அக்கா:
ஊசி போட்டாச்சு. சர்க்கரை இருக்கிறதாம், இன்சுலின் போடுகிறார்கள். அவனுக்கே இதுவரை தெரியாது. நாளைக்கு நாலாவது முறை. காலையில் டாக்டர் பெருவிரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினான்.